14-2: கோப்பை வந்தது, தங்கக் கால்சட்டை வரவில்லை (ஓஹையோ ஸ்டேட், 2024 சீசன்)

குதிரைலாடம் | ஜனவரி 22, 2025

முந்தாநாள் இரவு அட்லாண்டாவில் நோட்டர் டேமை 34-23 என்று வீழ்த்தி எங்கள் கொலம்பஸ் ஊர் அணியான ஓஹையோ ஸ்டேட் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் தேசியப் பட்டம் வாங்கிவிட்டது. நான் கொலம்பஸுக்குப் படிக்க வந்தது 2014 ஆகஸ்டில். அந்த சீசனில்தான் கடைசியாகப் பட்டம் வந்தது. அப்போது இந்த ஆட்டம் எனக்குப் புரியாது, ஊர் கொண்டாடியதால் நானும் தெருவில் நின்றேன். இந்தத் தடவை பதினாறு ஆட்டத்தையும் ஒன்று விடாமல் பார்த்தேன்.

திங்கட்கிழமை இரவிலிருந்து நண்பர்கள் எல்லாரும் ஒரே பல்லவி பாடுகிறார்கள்: நவம்பரில் பரம்பரை எதிரி மிச்சிகனிடம் தோற்றதெல்லாம் இனிக் கணக்கில் சேராது. நான் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

நவம்பர் 30 அன்று நான் மைதானத்தில் இருந்தேன், மேல் தளத்தில், ஏழு வயது மகனோடு. மிச்சிகன் 6-5 என்று, அதாவது ஆறு வெற்றி, ஐந்து தோல்வியோடு வந்திருந்தது. நாங்கள் 10-1, நாட்டிலேயே இரண்டாம் இடம். சுமார் இருபது புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்று பந்தயக் கணிப்பு சொன்னது. பாதி ஆட்டத்தில் 10-10. அதற்கப்புறம் முழுதாக முப்பது நிமிடம், எங்களுக்கு ஒரு புள்ளிகூட வரவில்லை. எங்களுக்காகப் பந்தை உதைக்கிற ஃபீல்டிங் இரண்டு ஃபீல்ட் கோலை (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) தவறவிட்டார். 45 வினாடி மிச்சமிருக்கும்போது மிச்சிகனின் டொமினிக் ஸ்வாடா 21 யார்டிலிருந்து உதைத்து 13-10 ஆக்கினார். ஒரு லட்சம் பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எதிர்மூலையில் மிச்சிகன் ரசிகர்கள் கத்துவது மட்டும் தனியாகக் கேட்டது. மகன் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தான். கீழே நடு மைதானத்தில் அவர்கள் கொடியை நட வந்தார்கள், கைகலப்பு, பெப்பர் ஸ்ப்ரே, அப்புறம் இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம். அதில் அந்தக் கொடியைப் பிடுங்கிக் கிழித்தவர் ஜாக் சாயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

மிச்சிகனை ஜெயித்தால் ஒவ்வொரு வீரருக்கும் தங்க நிறத்தில் கால்சட்டை வடிவில் ஒரு குட்டிப் பதக்கம் கொடுப்பார்கள். 1934-லிருந்து இருக்கிற வழக்கம். அந்த வருடம் வந்த புதிய பயிற்சியாளர் பிரான்சிஸ் ஷ்மிட், மிச்சிகன்காரர்களும் நம்மைப் போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டை போடுகிறார்கள் என்று சொன்னாராம், அதிலிருந்து வந்தது. சாயர், டுய்மோலோவாவ், ஹெண்டர்சன், எக்பூகா, பர்க், டோனவன் ஜாக்சன், டைலீக் வில்லியம்ஸ், இவர்கள் எல்லாரும் 2021-இல் சேர்ந்தவர்கள். போன வருடமே தொழில்முறை லீகான என்எஃப்எல் போயிருக்கலாம். மிச்சிகனை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும், பட்டம் வாங்க வேண்டும் என்றுதான் நான்காவது வருடமும் இருந்தார்கள். பட்டம் வந்தது. கால்சட்டை வரவில்லை. நான்கு வருடம், நான்கு தோல்வி. ஒன்று இன்னொன்றை அழித்துவிட்டது என்று அவர்கள் முன்னால் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

புதுக்குடித்தனம் | ஜனவரி 22

அண்ணா, நான் போன ஆகஸ்டில்தான் எம்.எஸ். படிக்க வந்தேன், மதுரைப் பக்கம். நவம்பர் கடைசி வாரத்தில் ஒருநாள் காலை வளாகத்துக்குள் போனால் பெயர்ப்பலகைகளில் எல்லாம் சிவப்பு நாடா ஒட்டியிருந்தது. ஏதோ பராமரிப்பு வேலை என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் மிச்சிகனின் முதல் ஆங்கில எழுத்து எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அதன் மேல் குறுக்காகச் சிவப்பு நாடா. மருத்துவக் கட்டடம், கணிதத் துறை, எதையும் விடவில்லை. எங்கள் ஆய்வகத்துக் கதவில் ஒட்டியிருந்ததை நான் தெரியாமல் உரித்துவிட்டேன், கூடப் படிக்கிற அமெரிக்கப் பையன் ஒன்றுமே சொல்லாமல் புது நாடா எடுத்து வந்து திரும்ப ஒட்டினான். அன்றைக்குத்தான் இது வெறும் விளையாட்டு இல்லை என்று உறைத்தது.

ஒரு சந்தேகம். அவ்வளவு பலமான அணி, அவ்வளவு சுமாரான மிச்சிகனிடம் எப்படித் தோற்றது? அதே அணி அடுத்த ஏழு வாரத்தில் எல்லாரையும் எப்படி அடித்தது? விளையாட்டு விதியே இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன், கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ஆன்ஆர்பர்_அக்கா | ஜனவரி 22

முதலில் வாழ்த்து. மனதார. கடைசி நான்கு ஆட்டம் ஆடிய விதத்துக்கு எந்த மிச்சிகன் ரசிகராலும் குறை சொல்ல முடியாது.

ஆனால் "சுமாரான மிச்சிகன்" என்று தம்பி சொன்னதற்கு ஒரு வார்த்தை. எங்களிடம் பந்தை எறிய ஆளில்லை, உண்மை. அந்த ஆட்டத்தில் எங்கள் குவாட்டர்பேக் (பந்தை எறிகிற ஆள்) டேவிஸ் வாரன் எறிந்தது மொத்தம் 62 யார்டு. எங்கள் முக்கிய வீரர்கள் வில் ஜான்சன் இல்லை, கோல்ஸ்டன் லவ்லேண்ட் இல்லை. ஆனால் எங்கள் தடுப்பு வரிசையின் நடுவில் நின்ற மேசன் கிரகாமும் கென்னத் கிராண்டும் நாட்டிலேயே சிறந்த இணை. அந்தச் சுவரில் போய் ஓஹையோ ஸ்டேட் மறுபடி மறுபடி முட்டியது. 26 ஓட்டம், 77 யார்டு. நாங்கள் கலேல் மல்லிங்ஸ் கையில் 32 தடவை பந்தைக் கொடுத்தோம், அவர் 116 யார்டு ஓடினார். எங்களுக்கு எது முடியுமோ அதை மட்டும் செய்தோம். நீங்கள் உங்களுக்கு எது நன்றாக வருமோ அதைச் செய்யவில்லை.

எங்களுக்கு அந்த சீசன் 8-5. முந்தின வருடம் 15-0 என்று பட்டம் வாங்கிய அணி. பயிற்சியாளர் ஹார்பா போய், ஷெரோன் மூர் வந்த முதல் வருடம். அவ்வளவு சோர்வில் இருந்த எங்களுக்கு அந்த 13-10 ஒன்றே போதுமாக இருந்தது. குதிரைலாடம் சொல்வதுதான் சரி, அது கணக்கில் இல்லை என்று சொல்கிறவர்கள் உங்கள் வீரர்களின் வருத்தத்தையும் சேர்த்துத்தான் அழிக்கிறார்கள்.

குதிரைலாடம் | ஜனவரி 23

அக்கா சொன்னதில் பாதி பதில் வந்துவிட்டது. மீதியை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

தம்பி, அடிப்படை இதுதான்: பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. பந்தை எறியலாம் அல்லது கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம். இரண்டுக்குமே முன்னால் ஐந்து தடித்த ஆட்கள் அரணாக நிற்க வேண்டும், அவர்கள்தான் ஓ-லைன். டிவியில் பந்து போகிற இடத்தைத்தான் காட்டுவார்கள், ஆனால் ஆட்டத்தின் தலையெழுத்து அந்த ஐந்து பேர் கையில்.

அக்டோபர் 12, யூஜீனில் ஓரிகானோடு ஆட்டம். 32-31 என்று ஒரே புள்ளியில் தோற்றோம், ஃபீல்ட் கோல் தூரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் குவாட்டர்பேக் வில் ஹோவர்ட் ஓடிச் சறுக்கி உட்காருவதற்குள் கடிகாரம் முடிந்துவிட்டது. ஆனால் அன்றைக்குப் போன பெரிய இழப்பு புள்ளி இல்லை, அந்த ஐந்து பேரில் இடது ஓரத்தில் நிற்கிற டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ். காலில் காயம், சீசன் முடிந்தது. அவருக்குப் பதிலாக வந்தவரும் நெப்ராஸ்கா ஆட்டத்தில் காயப்பட்டார். அந்த ஆட்டத்தை 21-17 என்று தட்டுத்தடுமாறித்தான் ஜெயித்தோம். அப்புறம் டேக்கிளுக்கு உள்பக்கம் கார்டாக ஆடிக்கொண்டிருந்த டோனவன் ஜாக்சனை டேக்கிளுக்கு நகர்த்தினார்கள். அவருக்குப் பழக்கமே இல்லாத இடம், எதிரே பென் ஸ்டேட்டின் அப்துல் கார்ட்டர். 20-13 என்று தப்பித்தோம், அதுவும் எங்கள் டிஃபென்ஸ், அதாவது தடுப்பு ஆட்கள், கோல் கோட்டுக்கு 3 யார்டு இருக்கும்போது நான்கு தடவை அவர்களை நிறுத்தியதால். கபடியில் ஏறி வந்தவனை நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது எல்லாரும் சேர்ந்து அமுக்குவார்களே, அந்தப் பிடி. வில் ஹோவர்ட் பென்சில்வேனியாக்காரர், சின்ன வயதில் பென் ஸ்டேட்டுக்கு ஆட ஆசைப்பட்டவர், அவர்கள் கூப்பிடவில்லை. கான்சஸ் ஸ்டேட்டில் ஆடிவிட்டு இங்கே வந்தார். அவருக்கு அந்த வெற்றி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இண்டியானா ஆட்டம் இருந்த வாரத்தில் ஓ-லைனின் நடுவில் நிற்கிற சென்டர் சேத் மெக்லாக்லினுக்குப் பயிற்சியில் குதிகால் தசைநார் அறுந்தது. நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருது அந்த வருடம் அவருக்குத்தான், அவ்வளவு பெரிய ஆள். இண்டியானாவை 38-15 என்று அடித்தோம், அவர்கள் உதைத்தனுப்பிய பந்தை (பன்ட்) பிடித்து கேலப் டவுன்ஸ் 79 யார்டு திருப்பி ஓடிய அழகில் எல்லாரும் ஓ-லைனை மறந்துவிட்டோம். அடுத்த வாரமே மிச்சிகன் அதை ஞாபகப்படுத்தியது.

இங்கேதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஐந்தில் இரண்டு பேர் இல்லாத ஓ-லைனை வைத்துக்கொண்டு கிரகாம், கிராண்ட் இருவர் நடுவில் ஓடினால் என்ன ஆகும்? ஓரத்தில் ஜெரமையா ஸ்மித் நிற்கிறார். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன், முதல் வருடம், அந்த சீசனில் மொத்தம் 76 கேட்ச், 1,315 யார்டு, 15 டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது). மிச்சிகனுக்கு எதிராக அவர் கைக்கு வந்தது 35 யார்டு. மூன்று வருடமாக மிச்சிகனிடம் உடல் பலத்தில் தோற்றோம் என்ற பேச்சு பயிற்சியாளர்களின் காதில் விழுந்து விழுந்து, நாங்களும் முட்டி ஜெயிப்போம் என்று நிரூபிக்கப் பார்த்தார்கள். அந்த வீம்புதான் தோற்றது. ஹோவர்டும் இரண்டு தடவை பந்தை எதிராளி கையில் கொடுத்தார், அதையும் மறைக்கவில்லை.

அதற்கப்புறம் அணி ஒன்றாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியது, வார்த்தை முற்றியது என்றெல்லாம் வீரர்களே சொன்னார்கள். அந்த அறையில் நாம் இல்லை. ஆனால் பிளே ஆஃபில், பட்டத்துக்கான நாக் அவுட் சுற்றில், எங்கள் முதல் ஆட்டமான டென்னசி ஆட்டத்தின் முதல் பத்து நிமிடத்தில் என்ன மாறியது என்று கண்ணால் பார்த்தோம். நடுவில் முட்டுவதை விட்டார்கள், பந்தை ஸ்மித்துக்கு எறிந்தார்கள், ஹோவர்டை வேகமாக எறியவிட்டார்கள், ஹெண்டர்சனுக்கு ஓரத்தில் திறந்த இடத்தைக் கொடுத்தார்கள். முதல் குவார்ட்டரிலேயே, ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே, 21-0. அதே ஆட்கள், அதே பயிற்சியாளர்கள்.

புதுக்குடித்தனம் | ஜனவரி 23

அந்த டென்னசி ஆட்டத்துக்கு நான் போனேன் அண்ணா! டிசம்பர் 21. என் வாழ்க்கையில் முதல்முறையாக மைதானத்தில் பார்த்த ஆட்டம். உறைநிலைக்குக் கீழே குளிர், இரண்டு சாக்ஸ் போட்டும் கால்விரல் மரத்துப்போனது. எங்கள் மைதானம்தான், ஆனால் பெரிய பெரிய பகுதியாக ஆரஞ்சு நிறம், டென்னசி ரசிகர்கள் அவ்வளவு பேர் டிக்கெட் வாங்கி வந்துவிட்டார்கள். மிச்சிகனிடம் தோற்ற கோபத்தில் நம் ஆட்கள் விற்றுவிட்டார்கள் என்று பக்கத்து இருக்கைக்காரர் வருத்தப்பட்டார். அவர் தன் கையுறைக்குள் வைக்கிற சூடு பொட்டலம் ஒன்றை எனக்குக் கொடுத்தார். மூன்றாவது டச் டவுனுக்கு முன்பின் தெரியாத என்னைக் கட்டிப்பிடித்தார். 42-17 முடிந்து வெளியே வரும்போது ஆரஞ்சு எல்லாம் முன்பே காலியாகியிருந்தது.

யூஜீன்_மழை | ஜனவரி 24

ஓரிகான் ரசிகன், அதனால் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அணி 13-0. அக்டோபரில் உங்களை ஜெயித்தோம், எங்கள் கான்ஃபரன்ஸான (அணிகளின் கூட்டமைப்பு) பிக் டென்னின் பட்டத்தை பென் ஸ்டேட்டிடமிருந்து 45-37 என்று வாங்கினோம், நம்பர் ஒன். அதற்குப் பரிசாக எங்களுக்குக் காலிறுதியில் வந்தது யார்? ஓஹையோ ஸ்டேட். தேர்வுக் குழு பட்டியலில் நீங்கள் ஆறாம் இடம். ஆனால் முதல் நான்கு இடம் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு என்று விதி வைத்ததால் ஒன்பதாம் இடத்து பாய்சி ஸ்டேட் 3 ஆனது, பன்னிரண்டாம் இடத்து அரிசோனா ஸ்டேட் 4 ஆனது, நீங்கள் 8-க்கு இறங்கி எங்கள் தலையில் வந்து விழுந்தீர்கள். முதலாவதாக வந்தவனுக்கு இருப்பதிலேயே கஷ்டமான எதிரி, இது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று. போன வருடம் வரை பிளே ஆஃபில் இருந்த நான்கு அணி முறையில் நவம்பர் 30 அன்றே உங்கள் சீசன் முடிந்திருக்கும். பன்னிரண்டு அணி வந்த முதல் வருடத்திலேயே, சொந்த ஊரில் மிச்சிகனிடம் தோற்ற அணி பட்டம் வாங்குகிறது என்றால், வழக்கமான சீசன் ஆட்டத்துக்கு என்ன மதிப்பு? நான்கு மாதம் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்தோம், ஒரு மதியத்தில் எல்லாம் போனது.

அந்தக் காலிறுதியில், ரோஸ் பௌலில், நீங்கள் ஆடியதைப் பற்றி வாதமே இல்லை. இரண்டாம் குவார்ட்டரில் 34-0. என் மனைவி டிவியை அணைத்துவிடலாமா என்று கேட்டாள், நான் வேண்டாம் என்றேன், கடைசிவரை பார்த்தேன். ஸ்மித் 7 கேட்ச், 187 யார்டு. அவரைத் தடுக்க எங்களிடம் ஆளே இல்லை. எங்கள் குவாட்டர்பேக் டில்லன் கேப்ரியலை எட்டு தடவை சாய்த்தீர்கள்.

குதிரைலாடம் | ஜனவரி 24

> வழக்கமான சீசன் ஆட்டத்துக்கு என்ன மதிப்பு?

சீடிங் முறை, அதாவது அணிகளை வரிசைப்படுத்திய விதம், தவறு, உங்களுக்கு நடந்தது அநியாயம், மறுபேச்சே இல்லை. அந்த விதியை மாற்ற வேண்டும்.

மதிப்பு விஷயத்தில் மட்டும் நான் வேறு பக்கம். ஏபி செய்தி நிறுவனத்தின் இறுதித் தரவரிசையைப் பாருங்கள்: 2 நோட்டர் டேம், 3 ஓரிகான், 4 டெக்சாஸ், 5 பென் ஸ்டேட். நான்கு பேரையும் ஜெயித்துத்தான் ஓஹையோ ஸ்டேட் ஒன்றாம் இடத்துக்கு வந்தது. ஓட்டுப் போட்டோ கூட்டிக் கழித்தோ வந்த பட்டம் இல்லை. நவம்பரில் ஒருநாள் சறுக்கியதற்காக இந்த அணியை ஜனவரியில் வீட்டில் உட்காரவைத்திருந்தால் யார் சிறந்தவர் என்று யாருக்குமே தெரிந்திருக்காது.

நான் மிச்சிகன் தோல்வி கணக்கில் உண்டு என்று சொல்வதும் இதனால்தான். பிளே ஆஃப் அதை மன்னித்தது. மன்னித்ததால் அது நடக்காததாகிவிடாது.

கிளீவ்லாந்து_பெரியப்பா | ஜனவரி 25

தம்பிகளா, நான் இந்த மாநிலத்துக்கு வந்தது 1985-இல். ஓஹையோ ஸ்டேட்டில் ஜான் கூப்பர் காலம் முழுவதையும் பார்த்தவன். 1988-லிருந்து 2000 வரை பயிற்சியாளர், மிச்சிகனுக்கு எதிராக 2 வெற்றி, 10 தோல்வி, 1 டிரா. 1996-இல் ஒரு ஆட்டமும் தோற்காமல் வந்த அணி, கொலம்பஸிலேயே மிச்சிகனிடம் 13-9 என்று தோற்றது. அதன் பிறகு ரோஸ் பௌலில் அரிசோனா ஸ்டேட்டை ஜெயித்து நாட்டில் இரண்டாம் இடத்தில் முடித்தார்கள். அந்த அணியின் பேச்சு வந்தால் இன்றைக்கும் எங்கள் தெருவில் 13-9 என்றுதான் முதலில் சொல்வார்கள். ரோஸ் பௌலை யாரும் சொல்ல மாட்டார்கள்.

13-10 பார்த்தபோது எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வந்தது. எங்கள் பயிற்சியாளர் ரையன் டே 2024 சீசன் முடிய மிச்சிகனுக்கு எதிராக 1-4. கூப்பருக்கு இரண்டாவது வாய்ப்பு என்று ஒன்று கிடைக்கவில்லை, அந்த நாளில் பிளே ஆஃப் என்பதே கிடையாது. டேக்குக் கிடைத்தது, அதைப் பயன்படுத்திக்கொண்டார். அவரைக் கண்டபடி பேசியவர்கள் ஒன்று நினைத்துப் பார்க்க வேண்டும். சின்னப் பையனாக இருக்கும்போது அவருடைய அப்பா தற்கொலை செய்துகொண்டார். அதை வெளிப்படையாகப் பேசி, பிள்ளைகளின் மனநலத்துக்கென்று மனைவியோடு சேர்ந்து நிதி திரட்டுகிறார். ஒரு ஆட்டத்தில் தோற்றதற்காக அந்தக் குடும்பத்துக்கு மிரட்டல் விடுத்தார்கள். எனக்கு இந்த அணி என்றால் உயிர், நாற்பது வருடமாக. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த அன்று வெட்கமாக இருந்தது.

டல்லாஸ்_தஞ்சாவூரான் | ஜனவரி 25

பெரியப்பா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

நான் டெக்சாஸ் பக்கம். ஜனவரி 10, ஆர்லிங்டனில் காட்டன் பௌல், ஓஹையோ ஸ்டேட்டோடு அரையிறுதி, மைதானத்தில் இருந்தேன். குதிரைலாடம் சாயர் பெயரை நினைவில் வைக்கச் சொன்னார், எனக்குச் சாகும்வரை மறக்காது.

பாதி ஆட்டம் முடிய 29 வினாடி இருக்கும்போது நாங்கள் 7-7 ஆக்கினோம். உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் ஹெண்டர்சன் ஒரு ஸ்கிரீன் பாஸை, கிட்டத்திலேயே எறிந்த குட்டிப் பாஸை, வாங்கி 75 யார்டு ஓடிவிட்டார். அது கிடக்கட்டும். கடைசியில் 21-14, நாங்கள் பின்னால், ஆனால் 1 யார்டு கோட்டில் பந்து, நான்கு வாய்ப்பு. எங்கள் பகுதியில் ஒருவர்கூட உட்காரவில்லை. முதல் தடவை நடுவில் முட்டினோம், ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை பந்தை ஓரத்துக்குத் தள்ளினோம், 7 யார்டு பின்னால் போனது. இன்றைக்கு வரை அந்த முடிவு எனக்குப் புரியவில்லை, ஒரே ஒரு யார்டுதான் தேவை, எதற்கு அகலமாகப் போக வேண்டும்? மூன்றாவது, எறிந்தது விழுந்தது. நான்காவது தடவை எங்கள் குவாட்டர்பேக் யூவர்ஸ் பின்னால் வந்து பார்க்கிறார், சாயர் ஓரமாகச் சுற்றி வந்து பந்தைத் தட்டிவிட்டு, அது தரையில் குதித்ததும் அவரே எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். நான் இருந்த பக்கத்திலிருந்து விலகி விலகிப் போகிறார். பெரிய உடம்பு, வேகமாக ஓட முடியாது, ஆனால் பின்னால் யாருமே இல்லை. 83 யார்டு. அந்த ஓட்டம் முடிய எவ்வளவு நேரமானது என்று எனக்கு ஒரு மணி நேரம் போலத் தெரிந்தது.

சாயரும் யூவர்ஸும் 2021-இல் ஓஹையோ ஸ்டேட்டில் ஒரே அறையில் தங்கியவர்கள். ஆட்டம் முடிந்ததும் இருவரும் கட்டிக்கொண்டதை அப்புறம் டிவியில் பார்த்தேன்.

ஆன்ஆர்பர்_அக்கா | ஜனவரி 26

சாயர் எங்கள் கொடியைக் கிழித்தபோது எனக்குக் கடுமையான கோபம். நடு மைதானத்தில் கொடி நட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், ஜெயித்தால் பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் அந்த 83 யார்டைப் பார்க்கும்போது, பிக்கரிங்டனில், கொலம்பஸுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த பையன், நான்கு வருடம் எங்களிடம் தோற்றவன், என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தேன். என் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, எழுந்து நின்று கைதட்டினேன்.

சவுத்பெண்ட்_சாரல் | ஜனவரி 26

எங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. நோட்டர் டேம். செப்டம்பர் 7 அன்று சொந்த ஊரில் நார்தர்ன் இலினாயிடம் 16-14 என்று தோற்றோம். மிச்சிகன் தோல்வியாவது பரம்பரைப் பகை, எங்களுடையது யாருமே எதிர்பார்க்காத அடி. அதற்கப்புறம் 13 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து இறுதிக்கு வந்தோம். ஆக, இரண்டு பக்கமும் அவமானப்பட்டு எழுந்த அணிகள்தான். எங்கள் பயிற்சியாளர் மார்கஸ் ஃப்ரீமன் ஓஹையோ ஸ்டேட்டிலேயே தடுப்பில் லைன்பேக்கராக ஆடியவர், அம்மா கொரியர். இறுதிக்கு ஒரு அணியைக் கொண்டுவந்த முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவர். தோற்றாலும் எங்களுக்கு அது பெருமை.

இறுதி ஆட்டத்தில் முதல் தடவை பந்து கைக்கு வந்ததும் 18 நகர்வு, 9 நிமிடம் 45 வினாடி வைத்திருந்து டச் டவுன். எங்கள் குவாட்டர்பேக் ரைலி லெனர்ட் தானே தூக்கிக்கொண்டு தூக்கிக்கொண்டு முட்டினார். முடிந்ததும் பக்கவாட்டில் வாந்தி எடுத்தார், பாவம், அவ்வளவு உழைப்பு. அந்த முறையில் மொத்த ஆட்டத்தையும் ஓட்டிவிடலாம் என்று நினைத்தோம், ஹோவர்ட் எறிந்த முதல் பதின்மூன்று பந்தும் சரியாகக் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 31-7. அதிலிருந்தும் ஏறி 31-23 வரை வந்தோம். இன்னும் ஒரு தடவை பந்து கிடைத்திருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

குதிரைலாடம் | ஜனவரி 27

அந்த ஒரு தடவையைக் கிடைக்கவிடாமல் செய்தது எது என்று பாருங்கள். மூன்றாவது வாய்ப்பு, 11 யார்டு வேண்டும். பாதுகாப்பாக ஓடிக் கடிகாரத்தைக் கரைக்கலாம், எல்லாரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். நவம்பரில் ஆடிய அணி அதைத்தான் செய்திருக்கும். ஸ்மித் தனியாக ஓரத்தில், ஒருவர் மட்டும் காவல், ஹோவர்ட் தூக்கி எறிந்தார், 56 யார்டு. சோபாவிலிருந்து மகன் எகிறியதில் மேசையிலிருந்த முறுக்குத் தட்டு கவிழ்ந்தது, யாரும் பொறுக்கவில்லை.

அதற்கப்புறம் 26 வினாடி இருக்கும்போது 33 யார்டு ஃபீல்ட் கோல். உதைக்க வந்தவர் ஃபீல்டிங். மிச்சிகனுக்கு எதிராக இரண்டைத் தவறவிட்டு அழுகையோடு போனாரே, அவரேதான். மகன் கண்ணை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை. நேராகப் போனது.

புதுக்குடித்தனம் | ஜனவரி 27

ஒன்று கேட்கலாமா, யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஹோவர்ட் கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து வந்தவர், டவுன்ஸும் மெக்லாக்லினும் அலபாமாவிலிருந்து, ஜட்கின்ஸ் ஓல் மிஸ்ஸிலிருந்து. வீரர்களுக்கு மொத்தம் இரண்டு கோடி டாலர் அளவுக்குப் பணம் போனது என்று பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநரே சொன்னதாகப் படித்தேன். என் கூடப் படிக்கிறவர்கள் இது விலைக்கு வாங்கிய அணி என்கிறார்கள்.

கிளீவ்லாந்து_பெரியப்பா | ஜனவரி 27

பணம் உண்டு தம்பி, இல்லையென்று சொல்ல முடியாது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஒரு லட்சம் பேர் டிக்கெட் வாங்கி வந்து பார்த்த காலத்திலும் அந்தப் பையன்களுக்குக் காசு கொடுக்கக் கூடாது என்றுதான் விதி இருந்தது, பயிற்சியாளருக்கு மட்டும் லட்சக்கணக்கில் சம்பளம். முட்டி உடைவது யாருக்கு? இப்போது கொடுக்கிறார்கள், கொடுக்கட்டும். வெளியிலிருந்து வந்தவர்கள் முக்கியம்தான். ஆனால் ஆட்டத்துக்குச் சராசரியாக 13 புள்ளிக்கும் குறைவாகக் கொடுத்த டிஃபென்ஸின் முன்வரிசையைப் பார். சாயர், டுய்மோலோவாவ், டைலீக் வில்லியம்ஸ், டை ஹாமில்டன், நான்கு பேரும் பள்ளி முடித்து நேரே இங்கே வந்தவர்கள். அவர்களைத் திரும்ப இருக்கவைத்ததில் பணத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் நான்காம் வாய்ப்பில் பந்தைத் தட்டிவிட்ட அந்தக் கைக்குப் பின்னால் நான்கு வருடம் இருந்தது.

யூஜீன்_மழை | ஜனவரி 28

பெரியப்பா சொன்னதற்கு நான் தலைவணங்குகிறேன். சீடிங் பற்றி நான் சொன்னது சொன்னதுதான்.

டல்லாஸ்_தஞ்சாவூரான் | ஜனவரி 28

அடுத்த சீசன் முதல் ஆட்டமே ஆகஸ்ட் 30, டெக்சாஸ் கொலம்பஸுக்கு வருகிறது. நானும் என் அண்ணனும் வருவதாக இருக்கிறோம். குதிரைலாடம், அந்த வாரம் ஹோட்டல் விலை எப்படி இருக்கும், மைதானத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஏதாவது சொல்லுங்கள்.

குதிரைலாடம் | ஜனவரி 28

ஹோட்டல் எதற்கு? வீட்டில் ஒரு அறை சும்மாதான் இருக்கிறது. மைதானத்திலிருந்து இருபது நிமிடக் கார் தூரம், நான் கொண்டுவிடுகிறேன். அண்ணனுக்கும் சேர்த்து இப்போதே உறுதி சொல்லிவிடுங்கள், மகன் இந்த இழையை நான் வாசித்துக் காட்டியதிலிருந்து சாயர் ஓடியதை நேரில் பார்த்தவர் எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆன்ஆர்பர்_அக்கா | ஜனவரி 28

அடுத்த சீசன் மிச்சிகன் - ஓஹையோ ஸ்டேட் ஆட்டம் நவம்பர் 29, எங்கள் ஊரில். மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். போன தடவை குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான் என்று எழுதியிருந்தீர்களே, அதிலிருந்து மனதில் நிற்கிறது. அந்தக் குல்லாவையே போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், என் பக்கத்து இருக்கை அவனுக்கு.